பூதவாதிக்கு யார் பதில் சொல்வது?

தமிழ்நாட்டில் சாக்ரடீஸ் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதில் பாதிப் புண்ணியம் சிவாஜிக்குப் போகும். 1956-ல் வந்த ராஜா ராணி படத்தில், கதைக்குள்ளே ஒரு நாடகமாக சாக்ரடீஸ் வருவார். வசனம் கலைஞர். அதற்கப்புறம் எத்தனை பள்ளி ஆண்டு விழாக்களில் எத்தனை பையன்கள் வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு விஷக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியிருப்பார்கள்! ஆனால் கிண்ணம் வருவதற்கு முன்னால், அந்தச் சிறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து அவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னார்" என்பார்கள்.

அறிவுரை எல்லாம் இல்லை. உயிர் சாகுமா சாகாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் சாயங்காலம் சாகப்போகிறவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு!

கி.மு. 399-ல் நடந்த அந்தப் பேச்சை பிளேட்டோ 'ஃபீடோ' என்ற நூலாக எழுதி வைத்தார். (எழுதியவர் அன்று சிறையில் இல்லை. பிளேட்டோவுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த நூலிலேயே ஒரு வரி வருகிறது. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.) தத்துவத்துக்கான நோட்ஸ் எதை எடுத்தாலும் இந்த நூலைப் பற்றி நான்கு பாயின்ட் இருக்கும். ஆன்மா அழியாது என்பதற்கு பிளேட்டோ கூறும் நான்கு வாதங்கள், ஐந்து மார்க். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் நூலை நிஜமாகவே படித்தால், அந்த நான்கு வாதங்களைவிட அவற்றுக்கு நடுவில் நடப்பதுதான் விஷயம்.

முதலில் வாதங்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். எதுவும் அதன் எதிரிலிருந்துதான் பிறக்கும். தூக்கத்திலிருந்து விழிப்பு, விழிப்பிலிருந்து தூக்கம். அப்படியே சாவிலிருந்து வாழ்வு. இது ஒன்று. எனக்கு இது ஒப்பவில்லை. பால் தயிராகும், தயிர் திரும்பப் பாலாகாது. அடுத்தது நினைவு. முழுக்க முழுக்கச் சமமான இரண்டு பொருட்களை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனாலும் 'சமம்' என்றால் என்னவென்று தெரிகிறது. அப்படியானால் பிறப்பதற்கு முன்பே அதை அறிந்திருக்கிறோம் என்கிறார். மூன்றாவது, உயிர் கண்ணுக்குத் தெரியாதது, அதனால் அழியாதவற்றின் இனம் என்பது. நான்காவது, நெருப்பு குளிர்ச்சியை ஏற்காதது போல, உடம்புக்கு உயிர்ப்பைக் கொண்டுவருகிற ஆன்மா சாவை ஏற்காது என்பது. பனிக்கட்டியும்தான் சூட்டை ஏற்காது. ஆனால் சூடு வந்தால் உருகிக் காணாமல் போகிறதே! உயிர் 'செத்த உயிர்' ஆக முடியாது, சரி. இல்லாமலே போக முடியாது என்று யார் சொன்னது?

இதெல்லாம் நான் கண்டுபிடித்த ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பிளேட்டோவுக்குச் சில தலைமுறை கழித்து அரிஸ்டாட்டிலின் பள்ளிக்குத் தலைவராக இருந்த ஸ்டிராட்டோ முதல் இன்றுவரை பலரும் இந்த இடங்களைக் குடைந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த நடுப்பகுதி. தீப்ஸ் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், சிம்மியாஸ், சீபீஸ். இருவரும் சாக்ரடீஸ் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள். மூன்றாவது வாதம் முடிந்ததும் இருவரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறார்கள். சாகப்போகிற மனிதரிடம் போய் உங்கள் வாதம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம். சாக்ரடீஸ் விடவில்லை, சொல்லுங்கள் என்கிறார்.

சிம்மியாஸ் யாழை எடுக்கிறார். யாழின் இசைவு கண்ணுக்குத் தெரியாதது, அழகானது, ஏறத்தாழ தெய்வீகமானது. கட்டையும் நரம்பும் வெறும் ஜடம். ஆனால் யாழை உடைத்து நரம்பை அறுத்துவிட்டால் முதலில் போவது இசைவுதான். கட்டையாவது கொஞ்ச நாள் கிடக்கும். உயிரும் உடம்பின் இசைவாக இருந்தால்?

சீபீஸ் நெசவாளியை எடுக்கிறார். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியில் வளர்ந்த யாருக்கும் இது விளக்கம் இல்லாமலே புரியும். கிழவர் ஒருவர் தானே நெய்து தானே உடுத்தி எத்தனையோ வேட்டிகளைக் கிழித்துத் தீர்த்தார். அவர் வேட்டிகளைவிட நீடித்தவர்தான். ஆனாலும் கடைசியாக நெய்த வேட்டி அவரைவிட நீடித்துவிடும். உயிர் பல உடம்புகளைத் தாண்டலாம். அதற்காக எல்லா உடம்பையும் தாண்டும் என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டதும் சிறையில் இருந்த எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகிறது. இந்தக் கதையை வேறொரு ஊரில், பின்னால் ஒருநாள், கேட்டுக்கொண்டிருக்கிற எகிகிராட்டீஸ் என்பவர்கூட இடைமறித்து, எனக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்கிறார். சாக்ரடீஸ் மட்டும் பதறவில்லை. அவர் பயப்படுவது வேறொன்றுக்கு. சில வாதங்கள் தோற்றுவிட்டன என்பதற்காக வாதம் செய்வதையே வெறுத்துவிடாதீர்கள் என்கிறார். அப்புறம்தான் பதில் சொல்ல ஆரம்பிக்கிறார்.

இதை எதற்கு உத்தமபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. ஏதென்ஸில் நடந்த அந்தச் சண்டை தமிழிலும் நடந்தது. அதில் ஒரு கட்சி நம் ஊர்ப் பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஊரை ஒட்டி கருப்பணசாமி கோயில் பாறை. அங்கே வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், படமெடுத்த நாகத்தின் கீழே பார்சுவநாதர், பக்கத்தில் வட்டெழுத்து. 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. திருக்குணகிரி என்று இந்த இடத்துக்குப் பெயர் இருந்திருக்கிறது. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இங்கே இருக்கிறது. அதே பெயர் ஆனைமலை, ஐவர்மலை என்று மதுரைச் சுற்று வட்டாரக் குன்றுகள் பலவற்றிலும் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அந்தச் சிலைகளை 'ஏதோ சாமி' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான். அவர்களுடைய கொள்கை என்னவென்றால், உயிர் அழியாது. மனிதனுக்கு மட்டுமில்லை, புல்லுக்கும் எறும்புக்கும்கூட அழியாது. சின்ன அறையில் வைத்த விளக்கு சின்ன அறை முழுதும், பெரிய அறையில் வைத்தால் பெரிய அறை முழுதும் ஒளி பரப்புகிற மாதிரி, உயிர் எறும்பில் எறும்பளவு, யானையில் யானையளவு. பிளேட்டோவின் ஆன்மா உடம்பிலிருந்து தப்பி ஓடப் பார்க்கிற கைதி. சமணருடைய உயிர் உடம்பின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருக்கிறது. (கருப்பனுக்குச் சேவல் நேர்ந்துவிடுவது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. எறும்பை மிதிக்காதே என்றவர்களும் கருப்பனும் ஒரே பாறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாக்ரடீஸின் கடைசிப் பேச்சே அஸ்கிளீபியஸ் சாமிக்கு ஒரு சேவல் பாக்கி இருக்கிறது, கொடுத்துவிடு என்று கிரிட்டோவிடம் சொன்னதுதான். அதற்கு ஆயிரம் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரரிடம் கேட்டிருந்தால் நேர்த்திக்கடன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.)

எதிர்க்கட்சி எங்கே? மணிமேகலையில். 27-ஆம் காதையில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். வரிசையில் கடைசியாக வருபவன் பூதவாதி. அவன் சொல்வதைக் கவனியுங்கள். தாதகிப் பூவையும் சர்க்கரைக் கட்டியையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால் போதை பிறக்கிறது. பூவில் போதை இல்லை, கட்டியிலும் இல்லை, கூட்டத்தில் பிறக்கிறது. அப்படித்தான் ஐம்பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது. பூதங்கள் பிரிந்தால்? பறையின் ஓசை தேய்ந்து அடங்குகிற மாதிரி உணர்வும் அடங்கிவிடும். மறுமை என்பதெல்லாம் பொய்.

ஒருவன் யாழ், ஒருவன் பறை. இருவருக்கும் நடுவில் பல நூறு ஆண்டுகள், ஒரு கடல். அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்தச் சண்டையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நூலையுமே படித்திருக்க மாட்டார்கள். இசைக் கருவி இருக்கிற ஊரில், சாவு நடக்கிற வீட்டில், யாருக்காவது இது தோன்றாமல் போனால்தான் ஆச்சரியம்.

மணிமேகலை என்ன செய்கிறாள்? சிரிக்கிறாள். தன் முற்பிறப்பை அறிந்தவள் அவள். முன் பிறப்பை அறிந்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்க, அதெல்லாம் தெய்வ மயக்கம், கனவு, மனக் குழப்பம் என்கிறான் அவன். உடனே அவள், கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிறாயே, உன் அப்பா அம்மாவை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று ஒரு போடு போடுகிறாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நல்ல அடிதான், மறுக்கவில்லை. கள் உதாரணத்தைக் காட்டி உணர்வைப் பற்றிப் பேசுவதே ஓர் அனுமானம்தானே, அதைச் செய்துகொண்டே அனுமானம் கூடாது என்பது செல்லாது. ஆனால் பறைக்கு என்ன பதில்? கள்ளுக்கு என்ன பதில்? அனுமானத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன் தாயே, இப்போது சொல், உடம்பு கலைந்த பிறகு உணர்வு எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டிருந்தால்? கேட்க விடவில்லை. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மணிமேகலை கடைசியில் சேருவது பௌத்தத்தில். அழியாத ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது அவர்களுடைய அடிப்படைப் பாடம்! ஆக, அந்த இடத்தில் நிற்கும் இருவருமே அழியாத ஆன்மாவை நம்புகிறவர்கள் இல்லை. மறுபிறப்பு உண்டா என்பதில்தான் வித்தியாசம்.

என் கருத்து இதுதான்: நம் பூதவாதி சிம்மியாஸைவிடக் கெட்டிக்காரன். ஆனால் சிம்மியாஸுக்கு எதிரே ஒரு சாக்ரடீஸ் உட்கார்ந்திருந்தார், இவனுக்குச் சிரிப்புதான் கிடைத்தது.

ஏன் கெட்டிக்காரன் என்கிறேன்? சாக்ரடீஸ் யாழுக்குச் சொன்ன பதில்களை எடுத்துக் கள்ளின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் பதில்: உயிர் பிறப்புக்கு முன்பே இருந்தது என்று நினைவு வாதத்தில் ஒப்புக்கொண்டாயே சிம்மியாஸ், யாழுக்கு முன்பே இசைவு இருக்குமா? சிம்மியாஸ் மாட்டிக்கொள்கிறார். பூதவாதி மாட்டமாட்டான், ஏனென்றால் முன் நினைவையே கனவு என்று தள்ளிவிட்டான். இரண்டாவது பதில்: சுருதி கூடும் குறையும், ஒரு யாழ் இன்னொன்றைவிட அதிகம் இசைந்திருக்கலாம், ஓர் உயிர் இன்னோர் உயிரைவிட 'அதிக உயிராக' இருக்க முடியாதே. போதையும் கூடும் குறையும். உணர்வும்தான். தூக்கத்தில் பாதி, காய்ச்சலில் கால், கைக்குழந்தையிடம் கொஞ்சம். பூதவாதிக்கு இது சாதகம்.

மூன்றாவது பதில்தான் சாக்ரடீஸின் சிறந்த பதில். நரம்பு எப்படியோ அப்படித்தான் இசைவு. இசைவு நரம்போடு சண்டை போடாது. ஆனால் உயிர் உடம்போடு சண்டை போடுகிறது. தாகம் எடுக்கும்போது குடிக்காதே என்கிறது. நோன்பு வைத்திருக்கும் என் நண்பர்களைக் கேளுங்கள், உடம்பு ஒன்று சொல்ல உள்ளே வேறொன்று மறுப்பது எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். யாழுக்கு இது மரண அடி. கள்ளுக்கு? மூடி இறுக்கிய பாட்டிலில் கள்ளை ஊற்றி வெயிலில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேர்க்கையில் பிறந்தது பொங்கி எழுந்து தான் இருக்கும் பாட்டிலையே உடைக்கும். சேர்க்கையிலிருந்து பிறந்த ஒன்று திரும்பி அந்தச் சேர்க்கையின் மேலேயே வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சாக்ரடீஸின் எதிரே இந்த உதாரணத்தை வைத்திருந்தால் அந்தச் சாயங்காலம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், தமிழில் பூதவாதியை எல்லோரும் சிரித்தே அனுப்பிவிடவில்லை. நீலகேசி என்ற சமண நூல் பத்துச் சருக்கம். ஒவ்வொரு சமயத்தாரோடும் வாதம். கடைசிச் சருக்கம் முழுதும் பூதவாதத்துக்கு. பேயாக இருந்து முனிவரால் மனம் மாறிய பெண் அந்த வாதத்தைச் செய்கிறாள் என்பது தமிழுக்கே உரிய அழகு. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை உலகாயதனிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார். முதலில் அவன் கட்சியைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு. அவருடைய ஆசிரியர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை, உடம்புக்குள் ஆன்மா உண்டு என்று நிறுவுவதற்காகவே ஒதுக்கியிருக்கிறார். அதில் ஒரு காரணம், நாம் 'என் உடல்' என்று சொல்கிறோம் என்பது. என் வீடு என்றால் வீடு நான் இல்லை. என் உடல் என்றால் உடலும் நான் இல்லை. படிக்கும்போது சிலிர்க்கும். ஆனால் நாம் 'என் உயிர்' என்றும் சொல்கிறோமே? அப்படியானால் உயிரும் நான் இல்லையா? சித்தாந்தம் படித்த பெரியவர்களிடம் இதற்கும் பதில் இருக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாஸ்டலில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் ஒரே கேள்வியில் திசை மாற்றினான்: "உயிர் மட்டும் தனியா இருந்து என்னடா பண்ணும்?" அவன் கேட்டது ரொம்பப் பழைய கேள்வி. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அரபு மொழிக்குப் போன பிறகு, 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகள் மேல் வைத்த மூன்று பெரிய குற்றச்சாட்டுகளில் ஒன்று இது: ஆன்மா மட்டும் பிழைக்கும் என்கிறார்கள், உடலோடு எழுப்பப்படுவதை மறுக்கிறார்கள். உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவது எல்லோருக்கும் விடுதலையாகப் படுவதில்லை.

இத்தனை தூரம் இதைப் பிடித்துத் தொங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இறந்துபோனார். பேரனுக்கு ஐந்து வயது. தாத்தா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அத்தை, நட்சத்திரமாயிட்டார் என்றாள். முல்லைப் பெரியாற்றங்கரையில் காரியம் நடந்த அன்று, காக்காவா வந்து சாப்பிடுவார் என்றார்கள். இன்னொருவர், சாமிகிட்ட இருக்கார் என்றார். சாயங்காலம் யாரோ, உன் தம்பியா வந்து பிறப்பார்டா என்றார். ஒரே வீட்டில் ஒரே நாளில் நான்கு பதில். யார்மேலும் எனக்குக் கோபமில்லை. அழுகிற குழந்தைக்கு எதையாவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் பையன் கடைசியில் கேட்டான், "அப்ப இங்க வரவே மாட்டாரா?" அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. "பேசாம இரு" என்று ஒரு அதட்டல் மட்டும் வந்தது. மணிமேகலையின் சிரிப்பைப் பற்றி நான் சொன்னேனே, அது எனக்கு உறுத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆறுதல் வேறு, பதில் வேறு. சாக்ரடீஸ் அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. சாகிற நாளில்கூட, உங்கள் வாதம் போதாது என்று சொன்ன பிள்ளைகளை அவர் அதட்டவில்லை.

உயிர் அழியும் என்றவர்களுக்கு இன்னொன்றும் நடந்தது. அவர்களுடைய நூல்கள் அழிந்துவிட்டன. உயிரும் அணுக்களால் ஆனதே என்ற டெமாக்ரிட்டஸ் நிறைய எழுதியவர். கிடைப்பதெல்லாம் துண்டு துண்டுகள். எபிக்யூரஸ் எழுதிக் குவித்ததில் முழுசாக மிஞ்சியவை மூன்று கடிதங்களும் சில பொன்மொழிகளும். இங்கே உலகாயதர்களின் மூலநூலாகச் சொல்லப்படும் பிருகஸ்பதி சூத்திரம் முழுதாகக் கிடைக்கவில்லை. தமிழில் ஆன்மாவை மறுத்த பௌத்தர்களின் குண்டலகேசி போய்விட்டது. அதில் கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது என்றால், அதை மறுப்பதற்காக எழுந்த நீலகேசிக்கும் அதன் உரைக்கும் நன்றி சொல்ல வேண்டும். எதிரியின் வாயில்தான் இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆக, பூதவாதி சொன்னதை அவன் கையெழுத்தில் நாம் படிக்கவே இல்லை. அவன் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

அவன் பக்கம் இவ்வளவு பேசிவிட்டதால், அவனிடமும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். பானையில் இருக்கிற கள்ளுக்குப் போதை ஏறுவதில்லை. அது பொங்கும், நுரைக்கும், பாட்டிலைக்கூட உடைக்கும். ஆனால் தள்ளாடாது, உளறாது. போதை என்பது குடித்தவனுக்குத்தான். அதாவது போதை ஏறுவதற்கு ஏற்கெனவே உணர்வுள்ள ஒருத்தன் வெளியே இருந்து வரவேண்டும். அந்த ஒருத்தன் எப்படி வந்தான் என்பதுதானே ஐயா கேள்வியே? பூவும் கட்டியும் சேர்ந்து கள் ஆவது எனக்குப் புரிகிறது. கள்ளே குடிகாரனாகவும் ஆவது எப்படி? குடிப்பவனும் இன்னொரு சேர்க்கைதான் என்று அவன் சொல்லலாம். சொன்னால் நான் மறுபடி அதே கேள்வியை அந்தச் சேர்க்கையைப் பற்றிக் கேட்பேன். மூன்று நாளாக இரண்டு பக்கமும் நானே பேசிப் பார்க்கிறேன், யாரும் ஜெயிக்கவில்லை :-)